பேப்பர் எங்க கிடைக்கும் சார்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல லைப்ரரி பத்தி எழுதும்போது போற போக்குல "ஆராய்ச்சிக் கட்டுரைக்கு அவசரப்பட்டு காசு கட்டாதீங்க"ன்னு ஒரு வரி எழுதிட்டேன், அவ்வளவுதான், தர்மபுரி கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலேர்ந்தும் கடிதம், வாட்ஸ்அப், பஸ் ஸ்டாண்டு டீக்கடையில நேர்லயே பிடிச்சு நிறுத்திக் கேள்வின்னு வந்து குவிஞ்சிருச்சு. காலேஜ் லைப்ரரியிலயே தலை நரைச்சவன் நான், இந்த விஷயத்துல கொஞ்சம் அதிகமாவே பேசுவேன், பொறுத்துக்கங்க.

அரசு கலைக்கல்லூரியில பிஎச்டி பண்றேன் சார், சாமை பயிர் பத்தி. ஒரு பேப்பரைத் திறந்தா 40 டாலர் கட்டுன்னு வருது. இங்க ஒரு பிரவுசிங் சென்டர் அண்ணன் 500 ரூபா குடுத்தா எடுத்துத் தரேன்றாரு. வாங்கிரலாமா? இல்ல வேற நல்ல சர்வீஸ் இருக்கா? – வாசகி, பாலக்கோடு

வேண்டாம்மா, அந்த 500 ரூபாயை வச்சுக்கங்க. இப்படித்தான் ஒரு பொண்ணு ஒரு "தீசிஸ் ஹெல்ப்" கடையில பன்னெண்டு கட்டுரை காசு குடுத்து வாங்கிட்டு வந்து எங்கிட்ட காட்டுச்சு, நான் உக்காந்து ஒவ்வொண்ணா தேடிப் பாத்தா அதுல ஒம்போது அந்த ஜர்னலோட சொந்த சைட்லயே சும்மா கெடக்குது. அந்தப் பொண்ணு முகத்தைப் பாக்கவே கஷ்டமா இருந்துச்சு.

மொதல்ல கூகுள் ஸ்காலர்ல தலைப்பை அப்படியே போடுங்க, வலது பக்கம் பிடிஎஃப்னு இருந்தா வேலை முடிஞ்சது, இல்லன்னா கீழ எல்லாப் பதிப்பும்னு ஒரு லிங்க் இருக்கும், நிறைய பேரு அதைத் தொடுறதே இல்ல, எழுதினவரு அவரு யுனிவர்சிட்டி சைட்ல போட்டு வச்ச காப்பி அங்கதான் ஒளிஞ்சிருக்கும். அன்பேவால்னு பிரவுசர்ல ஒரு சின்ன சாமான் சேத்துக்கலாம், சட்டப்படி இலவசமா காப்பி எங்கயாவது இருந்தா பச்சைப் பூட்டு காட்டும்.

அப்புறம் நீங்க அரசு கல்லூரிம்மா, அதை மறந்துட்டீங்க. 2024 நவம்பர்ல மத்திய அமைச்சரவை ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன் திட்டத்துக்கு, அதாவது ஜர்னல் சந்தாவை எல்லாருக்கும் சேத்து அரசாங்கமே கட்டுற ஏற்பாட்டுக்கு, ஒப்புதல் குடுத்தாங்க, மூணு வருஷத்துக்கு 6,000 கோடி ரூபா, 30 பெரிய பதிப்பகம், ஏறக்குறைய 13,000 ஜர்னல், மத்திய மாநில அரசு கல்வி நிறுவனங்க 6,300க்கு மேல அதுக்குள்ள வருது. நீங்க 40 டாலர்னு பாத்த அந்தக் கதவு உங்களுக்குத் திறந்தே இருக்கலாம், திறக்கணும்னா உங்க கல்லூரி அதுல பதிவு பண்ணி உங்களுக்கு ஒரு லாகின் குடுத்திருக்கணும். லைப்ரரியன்கிட்ட போயி "இன்ஃபெட் லாகின் வேணும் சார், வீட்லேர்ந்து படிக்கணும்"னு கேளுங்க. தெரியாதுன்னு சொன்னா காந்திநகர்ல இருக்கற இன்ஃப்லிப்நெட்டுக்கு ஒரு மெயில் போடச் சொல்லுங்க, திட்டத்தை நடத்துறதே அவங்கதான்.

உங்க டாபிக் சாமைன்றதால இன்னொண்ணு. வெளிநாட்டு ஜர்னல்ல தேடிக்கிட்டே இருக்கீங்களே, இங்க காவேரிப்பட்டணம் பக்கத்துல பையூர் ஆராய்ச்சி நிலையத்துல சாமையில ரகமே வெளியிட்டிருக்காங்க. வேளாண் பல்கலைக்கழக தீசிஸ் எல்லாம் கிருஷிகோஷ்ன்ற சைட்ல தேடலாம், மத்த யுனிவர்சிட்டி தீசிஸ் ஷோத்கங்கான்ற சைட்ல, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஏஆர்) நடத்துற ஜர்னல்களை அவங்க சைட்லயே காசில்லாம படிக்கலாம். நம்ம ஊரு பயிருக்கு நம்ம ஊருலதான் சரக்கு இருக்கும்.

இத்தனையும் பாத்து கிடைக்கலன்னா எழுதினவருக்கே ரெண்டு வரி மெயில் போடுங்க. வெக்கப்படாதீங்க. நான் வேலைக்குச் சேந்த புதுசுல புரொபசருங்க ரீப்ரிண்ட் கார்டுன்னு ஒண்ணு அச்சடிச்சே வச்சிருப்பாங்க, போஸ்ட்கார்டு மாதிரி, உங்க கட்டுரை ஒரு பிரதி அனுப்புங்கன்னு அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் போகும், ரெண்டு மாசம் கழிச்சு கவர் வரும், ஸ்டாம்ப்பை ஆபீஸ் பையன் கிழிச்சு எடுத்துக்குவான். கேட்டு வாங்குறது இந்தத் தொழில்ல ரொம்பப் பழைய பழக்கம்மா.

தனியார் கல்லூரி லைப்ரரியன் நான். டாகுமெண்ட் டெலிவரிக்கு, அதாவது நம்மகிட்ட இல்லாத கட்டுரையை வெளியேர்ந்து வரவழைச்சுக் குடுக்கறதுக்கு, ஏதாவது ஒரே ஒரு சர்வீஸ்ல சேருங்க, எது பெஸ்ட்னு ஒப்பிட்டு ஒரு பக்கத்துல எழுதிக் குடுங்கன்னு கரெஸ்பாண்டென்ட் கேக்குறாரு. டெல்நெட்டா, பிரிட்டிஷ் லைப்ரரியா, வேற எதுவுமா? – வாசகர், ஓசூர்

ஒரு பக்கத்துல எழுதலாம், ஆனா அதுக்கு முன்னாடி உங்க ரிஜிஸ்டரை எடுங்க. போன வருஷம் எத்தனை பேரு கட்டுரை கேட்டாங்க, அதுல புதுசு எத்தனை பழசு எத்தனை, புத்தகம் எத்தனை, எத்தனை நாள்ல வேணும்னாங்க. ரிஜிஸ்டரே இல்லன்னா இன்னிக்கே ஒண்ணு போடுங்க. கிராக்கி என்னன்னு தெரியாம சர்வீஸை ஒப்பிடுறது பொண்ணைப் பாக்காம நகை வாங்குற மாதிரி.

சரி விஷயத்துக்கு வர்றேன். டெல்நெட் 1988ல டெல்லி லைப்ரரிங்க ஒண்ணுசேந்து ஆரம்பிச்சது, இப்ப நாடு முழுக்க உறுப்பினர் இருக்காங்க, ஜேஎன்யூ வளாகத்துல ஆபீஸ். கல்லூரிதான் உறுப்பினரா சேர முடியும், வருஷச் சந்தா பத்தாயிரத்தைத் தாண்டும், ஜிஎஸ்டி வேற. நமக்கு வேண்டிய கட்டுரை எந்த உறுப்பினர் லைப்ரரியில இருக்கோ அங்கேர்ந்து ஸ்கேன் பண்ணி வாங்கித் தருவாங்க, புத்தகத்தையே கூட இரவல் அனுப்புவாங்க, திருப்பி அனுப்புற கூரியர் செலவு நம்ம தலையில. இதுல பலம் என்னன்னா இந்தியப் பதிப்பு, இந்தியக் கருத்தரங்கத் தொகுப்பு, வெளிநாட்டுக்காரன்கிட்ட இல்லாத சமாச்சாரம் எல்லாம் கிடைக்கும். பலவீனமும் அதேதான், அந்தப் பக்கம் இன்னொரு காலேஜ்ல நம்மள மாதிரி ஒரு மனுஷன் எந்திரிச்சுப் போயி அலமாரியில எடுத்து ஸ்கேன் பண்ணணும், அவங்க ஊர்ல பரீட்சை, கல்லூரிக்குத் தர மதிப்பீடு போடற நாக் குழு விசிட், தீபாவளி லீவுன்னா நம்ம கட்டுரையும் லீவுதான்.

பிரிட்டிஷ் லைப்ரரி கதை வேற. யார்க்ஷயர்ல பாஸ்டன் ஸ்பான்ற ஊர்ல அவங்க கிடங்கு இருக்கு, 1960கள்ல டொனால்டு அர்க்கர்ட்னு ஒருத்தரு ஆரம்பிச்சு வச்ச இரவல் லைப்ரரி அது, வாசகர் உக்காந்து படிக்கறதுக்கு இல்ல, கேட்டவங்களுக்கு அனுப்புறதுக்குன்னே சரக்கு சேத்தாங்க. 90களோட கடைசியில வருஷத்துக்கு ஏறக்குறைய 40 லட்சம் கோரிக்கை வந்துச்சு, அப்புறம் எல்லாம் ஆன்லைன் ஆனதும் மளமளன்னு குறைஞ்சு போச்சு. அவங்ககிட்ட பழைய ஐரோப்பிய ஜர்னல், டெக்னிக்கல் ரிப்போர்ட், கருத்தரங்கு வால்யூம் எல்லாம் இருக்கு, வேகமும் உண்டு. ஆனா விலையில ரெண்டு பாகம் இருக்கு, கவனிங்க: ஒண்ணு அவங்க சேவைக் கட்டணம், இன்னொண்ணு பதிப்பகம் வைக்கிற காப்பிரைட் கட்டணம், இந்த ரெண்டாவது ஜர்னலுக்கு ஜர்னல் மாறும், சில சமயம் மொதலை விட பெருசா இருக்கும். கொட்டேஷன்ல மொத எண்ணை மட்டும் பாத்து கையெழுத்து போட்டா பில்லு வரும்போது கரெஸ்பாண்டென்ட் உங்களைத்தான் கூப்பிடுவாரு. இன்னொரு விஷயம், 2023 அக்டோபர்ல ரான்சம்வேர் தாக்குதல்ல அவங்க சிஸ்டமே படுத்துருச்சு, மாசக்கணக்குல சேவை தடுமாறுச்சு. உலகத்துலயே பெரிய லைப்ரரிங்க லிஸ்ட்ல இருக்கறதுக்கே அந்த நிலைமைன்னா, ஒரே கடையை நம்பி இருக்கலாமான்னு கரெஸ்பாண்டென்டுக்கு ஒரு வரி சேத்து எழுதுங்க.

அமெரிக்காவுல ரேபிட்ஐஎல்எல்னு ஒண்ணு இருக்கு, கேட்டா ஒரு நாளைக்குள்ள கட்டுரை வந்துரும். அது பொறந்த கதை எனக்குப் புடிக்கும். 1997 ஜூலையில கொலராடோ ஸ்டேட் யுனிவர்சிட்டி லைப்ரரிக்குள்ள வெள்ளம் பூந்து லட்சக்கணக்குல வால்யூம் நாசமாச்சு, வாசகர்களுக்குக் கட்டுரை குடுத்தாகணுமேன்னு மத்த லைப்ரரிகள்கிட்ட வேகவேகமா கேட்டு வாங்க அவங்களே ஒரு மென்பொருள் செஞ்சாங்க, அது அப்படியே பெரிய வலையாயிருச்சு. ஆனா அது குடுத்து வாங்குற ஏற்பாடு, நம்மகிட்ட குடுக்க நிறைய சரக்கு இருந்தாத்தான் மரியாதை, ஓசூர் காலேஜுக்கு இப்போதைக்கு வேண்டாம். ஜெர்மனியில சுபிட்டோ இருக்கு, அங்க கேக்குறது யாரு, மாணவரா கம்பெனியான்றதை வச்சு விலை மாறும்.

இப்ப நீங்க என்ன பண்ணணும்னு என் யோசனை. கையில ஒரு பத்து கட்டுரை எடுங்க, நாலு புதுசு, மூணு 1990க்கு முந்தினது, ஒரு புத்தக அத்தியாயம், ரெண்டு கருத்தரங்குக் கட்டுரை. இதே பத்தையும் ரெண்டு இடத்துல ஒரே நாள் கேளுங்க. எந்தத் தேதி வந்துச்சு, மொத்தம் எவ்வளவு காசு, பக்கம் முழுசா இருக்கா, படம் தெளிவா இருக்கா, கிடைக்கலன்னா கிடைக்கலன்னு எத்தனை நாள்ல சொன்னாங்க. இந்தக் கடைசி கேள்வியை யாரும் கேக்குறதில்ல, ஆனா மூணு வாரம் இழுத்துட்டு இல்லன்னு சொல்றவனை விட ரெண்டாம் நாளே இல்லன்னு சொல்றவன் எவ்வளவோ மேல். கருத்தரங்குக் கட்டுரையிலதான் எல்லா சர்வீஸும் வழுக்கி விழும், அதுல தேறுனவனை நம்பலாம். வர்ற ஃபைலையும் பாருங்க, சில இடத்துல பூட்டு போட்ட ஃபைல் வரும், சில நாளைக்குத்தான் திறக்கும், ஒரே ஒரு தடவைதான் பிரிண்ட் எடுக்கலாம், பிரிண்டர்ல பேப்பர் சிக்குனா கதை முடிஞ்சது.

தனியார் கல்லூரிக்கு ஒன் நேஷன் திட்டத்தோட முதல் கட்டத்துல இடம் இல்ல. கலை அறிவியல் கல்லூரியா இருந்தா என்-லிஸ்ட் பாருங்க, கல்லூரிகளுக்கு ஜர்னலும் மின்நூலும் ஆன்லைன்ல படிக்கத் தர்ற திட்டம் அது, இன்ஜினியரிங், மெடிக்கல், வேளாண்மைன்னா அதுக்குள்ள வராது. என்னைக் கேட்டா டெல்நெட் ஒண்ணைச் சேத்துட்டு, அதுல கிடைக்காததுக்கு அப்பப்ப காசு குடுத்து வாங்கிக்க வருஷத்துக்கு ஒரு சின்னத் தொகை தனியா ஒதுக்கச் சொல்லுங்க. வருஷத்துக்கு இருபது கோரிக்கை கூட வராத காலேஜ்ல முன்பணம் கட்டி வெளிநாட்டு அக்கவுண்ட் திறக்கறது வீண்.

சிப்காட்ல ஒரு சின்ன கம்பெனியில குவாலிட்டி செக்ஷன். கோட்டிங் பத்தி நாலு பேப்பர் வேணும். ஃப்ரெண்டு ஐஐடியில இருக்கான், அவன் அனுப்பினா போதாதா? – வாசகர், ஓசூர்

உங்க சொந்தப் படிப்புக்குன்னா ஒரு பேச்சு, கம்பெனி வேலைக்குன்னா இன்னொரு பேச்சு தம்பி. நம்ம 1957 காப்பிரைட் சட்டத்துல 52ஆவது பிரிவு தனிப்பட்ட உபயோகத்துக்கு, ஆராய்ச்சியும் சேத்து, நியாயமான அளவுல பயன்படுத்த இடம் குடுக்குது. கம்பெனி அதை எடுத்து புராசஸ்ல போட்டு, கஸ்டமருக்குக் காட்டி, பத்து பேருக்கு ஃபார்வேர்டு பண்ணா அந்தக் குடை உங்களுக்கு மேல இருக்கும்னு நம்பி நிக்காதீங்க. ஐஐடி லைசென்ஸ்லயும் வெளியாளுக்குக் குடுக்கக்கூடாதுன்னுதான் இருக்கும், மாட்டுனா உங்க ஃப்ரெண்டுதான் மாட்டுவான். கம்பெனிக்காரங்களுக்குன்னே காப்பிரைட் கட்டணத்தையும் சேத்து கட்டி சுத்தமான காப்பி தர்ற சர்வீஸ் இருக்கு, அமெரிக்காவுல காப்பிரைட் கிளியரன்ஸ் சென்டர், ரீபிரிண்ட்ஸ் டெஸ்கோட ஆர்ட்டிகிள் கேலக்ஸி மாதிரி. மருந்துக் கம்பெனிங்க எல்லாம் அப்படித்தான் வாங்குது. விலை ஜாஸ்திதான், ஆனா நாலே நாலு பேப்பருக்கு அது உங்க கம்பெனியோட ஒரு நாள் டீ செலவு.

சை-ஹப் இருக்கும்போது இதெல்லாம் எதுக்கு சார்? – பெயர் வேண்டாம், தர்மபுரி

பெயர் வேண்டாம்னு போட்டதுலயே பதில் இருக்கு. தெரியாதவங்களுக்குச் சொல்றேன், சை-ஹப்ன்றது பதிப்பகத்தோட அனுமதி இல்லாம கட்டுரைகளை இலவசமா தர்ற சைட். 2020 டிசம்பர்ல மூணு பதிப்பகம் டெல்லி ஹைகோர்ட்டுக்குப் போச்சு, 2025 ஆகஸ்ட்ல பிளாக் பண்ணச் சொல்லி உத்தரவு வந்துச்சு. பதிப்பகங்க அடிக்கிற விலை நியாயமான்னு கேட்டா நியாயமில்லன்னுதான் நானும் சொல்வேன், அதுக்காக ஒரு லைப்ரரியன் வாசகர்களுக்கு அந்த வழியைக் காட்ட முடியாது. அடுத்த கேள்வி.

ஓய்வு பெற்ற தமிழாசிரியர். நம்ம பக்கத்து நடுகற்களைப் பற்றி எழுதிட்டிருக்கேன். 1930கள்ல ஒரு தமிழ் மாத இதழ்ல வந்த கட்டுரை ஒன்று வேண்டும். இந்த டாகுமெண்ட் டெலிவரி எல்லாம் எங்களைப் போன்றவர்களுக்கும் உண்டா? – வாசகர், அரூர்

ஐயா, உங்களுக்குத்தான் முக்கியமா உண்டு. உங்களுக்கு பாஸ்டன் ஸ்பாவும் வேண்டாம் அமெரிக்காவும் வேண்டாம், சென்னை தரமணியில ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கு. கோட்டையூர்ல ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் பூரா சேத்து வச்ச புத்தகம், இதழ், நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை வரைக்கும் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி இங்கயே வச்சு 1994ல நூலகமா ஆக்குனாங்க. இதழ் பேரு, வருஷம், மாசம், கட்டுரைத் தலைப்பு எழுதி அனுப்புனீங்கன்னா இருக்கா இல்லையான்னு பாத்துச் சொல்லி, கட்டணத்துக்கு ஸ்கேன் பண்ணித் தருவாங்க. அதுக்கு முன்னாடி தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்நூலகத்தை ஒரு தடவை பாத்துருங்க, பழைய இதழ்கள் நிறைய அங்க இலவசமா கிடக்குது, பேரன் பேத்தி யாராவது செல்லுல தேடித் தருவாங்க. அப்புறம் கன்னிமாரா, 1896லேர்ந்து இருக்கு, தேசிய வைப்பு நூலகம் நாலுல ஒண்ணு. ஆனா அங்க ஆளு நேர்ல போனாத்தான் காரியம் நல்லா நடக்கும், காலையில மொரப்பூர்ல ரயில் ஏறுனா போயிட்டு வந்துரலாம்.

இதழ்ல மாசத்தை "புரட்டாசி"ன்னு போட்டிருப்பாங்க, வருஷத்தை "பவ"ன்னு போட்டிருப்பாங்க. நீங்க செப்டம்பர் 1934ன்னு மட்டும் எழுதுனா தேடுற பொண்ணு பாவம் கொழம்பிரும். ரெண்டையும் எழுதுங்க. கட்டுரை வந்ததும் எனக்கும் ஒரு பிரதி காட்டுங்கய்யா, தர்மபுரி மியூசியத்துல அந்தக் கல்லுங்க முன்னாடி நின்னு பாத்துருக்கேனே தவிர படிச்சதில்ல.

நம்ம ஊர் தண்ணியில ஃபுளோரைடு பத்தி ப்ராஜெக்ட். ஒரு சர்வீஸ்ல காசு கட்டி பேப்பர் கேட்டேன், வந்தது அதே தலைப்புல ஒண்ணரைப் பக்க கடிதம். காசு திரும்ப வருமா? தப்பு யார் மேல? – மாணவர், பென்னாகரம்

நீ அனுப்புன கோரிக்கையையும் சேத்து அனுப்பியிருந்ததால சொல்றேன் தம்பி, பாதி உன் மேலதான். தலைப்பு மட்டும் போட்டு, வருஷம் போட்டு, ஜர்னல் பேரைச் சுருக்கி எழுதி அனுப்பியிருக்க. ஒரே தலைப்புல கட்டுரை, அதுக்கு ஒரு மறுப்புக் கடிதம், அதுக்கு ஒரு பதில்னு மூணும் ஒரே வருஷத்துல வரும், அவங்க மொதல்ல கையில கிடைச்சதை அனுப்பிட்டாங்க. இனிமே டிஓஐ எண்ணைப் போடு, கட்டுரைக்குக் கட்டுரை தனியா குடுக்கற எண், 10ன்னு ஆரம்பிக்கும் பாரு அது, மெடிக்கல் சம்பந்தப்பட்டதுன்னா பப்மெட்ன்ற மருத்துவக் கட்டுரைப் பட்டியல்ல இருக்கற எண், கூடவே வால்யூம், மொதப் பக்கம் கடைசிப் பக்கம். பக்கம் போட்டிருந்தா ஒண்ணரைப் பக்கத்தைப் பாத்ததுமே அவனுக்கே சந்தேகம் வந்திருக்கும். இப்ப கோரிக்கை எண்ணைப் போட்டு, நான் கேட்டது இந்தப் பக்கம் வந்தது இந்தப் பக்கம்னு ரெண்டே வரியில எழுது, கோவமா எழுதாத. ஒழுங்கான சர்வீஸா இருந்தா மாத்தி அனுப்புவாங்க.

சிரிக்காத, நானே இந்தத் தப்பைப் பண்ணவன்தான். அப்ப டெல்லியில இன்ஸ்டாக்னு ஒண்ணு, 1952லேர்ந்து இருந்த அரசாங்க அமைப்பு, கடிதம் போட்டா கட்டுரையை ஜெராக்ஸ் எடுத்து தபால்ல அனுப்புவாங்க. எங்க கெமிஸ்ட்ரி புரொபசர் ஒருத்தர் கேட்ட கட்டுரைக்கு நான் வால்யூம் 17ங்கிறதை 71ன்னு டைப் அடிச்சுட்டேன். ஒரு மாசத்துக்கு மேல காத்திருந்து கவர் வந்துச்சு, ஆசையா பிரிச்சாரு, உள்ள சோப்பு தயாரிப்பு பத்தி எட்டுப் பக்கம். அவரு ஒண்ணும் சொல்லல, "சரி, இதையும் ஃபைல்ல போட்டு வைங்க"ன்னாரு. பிலடெல்பியாவுல ஐஎஸ்ஐன்னு ஒரு கம்பெனி அந்தக் காலத்துல ஜர்னலை வாங்கி கட்டுரைப் பக்கத்தை அப்படியே கிழிச்சே அனுப்பிக்கிட்டு இருந்துச்சு, எங்க புரொபசருக்கு அது தெரிஞ்சப்ப "பரவால்ல, இங்க கிழிக்கலையே"ன்னு என்னைப் பாத்து சிரிச்சாரு.

உன் டாபிக்குக்கு இன்னொரு விஷயம், காசு குடுக்கறதுக்கு முன்னாடி ஃபுளோரைடுன்ற பேர்லயே 1968லேர்ந்து வர்ற ஒரு ஜர்னல் இருக்கு, அதோட பழைய இதழ்ங்களை நெட்லயே படிக்கலாம், முழுக் கட்டுரையே இலவசமா கிடைக்கற பப்மெட் சென்ட்ரல்லயும் தேடு. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டத்து ரிப்போர்ட் மாதிரி சமாச்சாரம் எந்த டாகுமெண்ட் டெலிவரிக்காரன்கிட்டயும் இருக்காது, அதுக்கு குடிநீர் வடிகால் வாரிய ஆபீசுக்குத்தான் நேர்ல போகணும், ஹெச்ஓடி கையெழுத்து போட்ட லெட்டரோட போ, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல போயிராத.